ஒரு கையால் திறக்கும் மூடி

செப்டிக் டேங்க் என்று ஒன்று வீட்டில் இருப்பதே பலருக்கு அது நிரம்பி வழியும்போதுதான் ஞாபகத்துக்கு வரும். அதுவரை மண்ணுக்கடியில் தன் பாட்டுக்குக் கிடக்கும். நான் அப்படிப்பட்டவன் இல்லை. வீடு கட்டும்போதே கூடவே நின்று, டேங்க் எந்த இடத்தில் வருகிறது, குழாய் எந்தப் பக்கம் போகிறது என்றெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டவன். உள்ளே மேலாக எண்ணெய்ப் பிசுக்கு ஏடு கட்டி மிதக்கும். நடுவில் தண்ணீர். அடியில் கசடு. கசடு ஏறிக் குழாய் வாயை எட்டுவதற்குள் லாரியை வரச் சொல்லி உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். மிச்ச எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டக் கூடாது. கழிவறையில் பஞ்சு, துணி எதுவும் போடக் கூடாது. ஆசிட்டை அள்ளி ஊற்றிக் கழுவக் கூடாது. கசடைக் கரைக்கிற நுண்ணுயிர்கள் செத்துப்போகும். அவ்வளவுதான். ஒரு டேங்க் மனிதனிடம் கேட்பது ரொம்பக் கொஞ்சம்.

நேற்று ஸ்டேஷனில் நீங்கள் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டீர்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்தீர்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்கள். மனைவியையும் மாமனாரையும் ஒரே நாளில் பறிகொடுத்த மனிதரை ரொம்பத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று உங்கள் உதவியாளரிடம் மெதுவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. அதனால்தான் இன்று நீங்கள் கூப்பிடாமலேயே வந்திருக்கிறேன். டேங்க் மூடியைப் பற்றி நேற்று நான் சொன்னது முழு விவரம் இல்லை. குறுக்கே கேட்காமல் இருந்தால் வரிசையாகச் சொல்லிவிடுவேன்.

நான் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பதும் என் வேலைதான். தொட்டி, குழி, கொப்பரை என்று மூடிக் கிடக்கிற எந்த இடத்திலும் காற்று கெட்டுப்போயிருக்கும், எட்டிப் பார்க்கக்கூட முகத்தை உள்ளே நீட்டாதே என்பேன். விழுந்தவனைத் தூக்கப் போகிறவனும் விழுவான். அவனைத் தூக்கப் போகிறவனும் விழுவான். முதலில் ஆள் கூப்பிடு, கயிறு கொண்டுவா, அப்புறம் யோசி. இதை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நான் இருந்த காலத்தில் எங்கள் ஆலையில் அப்படி ஒரு சாவுகூட விழவில்லை.

என் மனைவி அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள். ஒரு காற்புள்ளி இடம் மாறி அச்சாகிவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பேச்சில் சிக்கனம். எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஓய்வு பெற்றதும் அவளும் வேலையை விட்டுவிடுவாள், இருவரும் நிம்மதியாக இருக்கலாம் என்பது என் ஏற்பாடு. அவளும் வேலையை விட்டாள். ஆனால் எனக்காக விடவில்லை. அவளுடைய அப்பாவுக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டது. அவரைக் கொண்டுவந்து எங்களோடு வைத்துக்கொண்டாள்.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்தவர். எல்லாம் மறந்துபோன பிறகும் அந்த உத்தியோகம் மட்டும் அவரை விடவில்லை. காலையில் எழுந்ததும் வீட்டைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார். வாசலில் தொடங்கி, பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைப்பக்கம் போய், துணிக்கொடியைச் சுற்றிக்கொண்டு திரும்ப வாசலுக்கு வருவார். போகும்போதே, "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள நிறைய இடம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போவார். என் மனைவி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பாள். வெயில் ஏறுகிறவரை இந்த ஊர்வலம் நடக்கும்.

நான் கல் நெஞ்சக்காரன் இல்லை. ஆரம்பத்தில் நானும் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டினேன், சவரம் செய்துவிட்டேன். ஆனால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மகளைச் சில நாள் அம்மா என்பார், சில நாள் அவள் சின்ன வயசுச் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நான் அவருக்குப் பயணிகளில் ஒருத்தன். அதுவும் டிக்கெட் வாங்காத பயணி. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் என் தோளைத் தட்டி, "சார், உங்க ஸ்டாப் அப்பவே போயிடுச்சு. எறங்குங்க" என்றார். என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புரையேறிக் கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

பழைய அச்சுத் தாள்களைத் துண்டு துண்டாகக் கிழித்து டிக்கெட் கட்டு ஒன்று செய்து கொடுத்திருந்தாள். சாயங்காலத்தில் இருவரும் கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எங்கேயோ போய்க்கொண்டிருப்பார்கள். நான் கூடத்தில் செய்தித்தாளைப் படித்த பக்கத்தையே திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவள் எவ்வளவு களைத்துப் போயிருந்தாள் என்பது எனக்குத்தான் தெரியும். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவாள். முகம் கறுத்துவிட்டது. ஒரு இல்லத்தில் சேர்த்துவிடலாமே என்று மகளும் போனில் சொல்லிப் பார்த்தாள், நானும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அவரு போற வரைக்கும் என்னோடதான் இருப்பாரு. இதப் பத்தி இனிமே பேச வேண்டாங்க" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

டேங்குக்கு வருகிறேன். மாமனார் கையில் கிடைக்கிற துணியையெல்லாம் கழிவறைக்குள் திணிக்கத் தொடங்கினார். கேட்டால், "லக்கேஜ் எல்லாம் பின்னால ஏத்தியாச்சு" என்பார். துண்டு, தலையணை உறை, ஒருமுறை என்னுடைய நல்ல சட்டை. குழாய் அடைத்து, குளியலறைத் தரையில் எல்லாம் எதிர்த்துக்கொண்டு வந்தது. என் மனைவி முட்டி போட்டு அள்ளிக் கழுவினாள். ஒவ்வொரு தடவையும் லாரி வரவேண்டும். டேங்க்கின் வாய் மண்ணுக்குக் கீழே ஆழத்தில் இருந்தது. கடப்பாரையால் குத்திக் குத்தி இடத்தைக் கண்டுபிடித்து, தோண்டி, ஆள் கனத்துக்கு இருக்கிற சிமெண்ட் பலகையை இரண்டு பேர் நெம்பித் தூக்க வேண்டும். கடைசியாக வந்தபோது லாரிக்காரர் சலித்துக்கொண்டார். தரை மட்டத்துக்கு சிமெண்ட் உறை ஏற்றி லேசாக ஒரு மூடி போட்டுக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது என்றார்.

இது நல்ல யோசனை. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டேங்க் வைத்திருக்கிற யார் என்னைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன். எளிதில் திறக்க முடிந்தால்தான் மனிதன் அடிக்கடி திறந்து பார்ப்பான். திறந்து பார்த்தால்தான் கோளாறை முன்கூட்டியே பிடிக்கலாம்.

கொத்தனார் ஒருவரைப் பிடித்தேன். இப்போது உங்கள் காவலில் இருக்கிறாரே, அவர்தான். வாயைத் திறந்தால் மூடாத ஆள். பேசாத நேரத்தில் விசில் அடிப்பார். அவர் விசில் அடித்தால் என் மாமனார், வண்டி கிளம்பிவிட்டது என்று நடக்க ஆரம்பித்துவிடுவார். "இவருக்கு நான் டிரைவர் ஆயிட்டேன் சார்" என்று கொத்தனார் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிணற்றுக்கு இறக்குகிற மாதிரி சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடுக்கு தெரியாமல் பூசி, தரைக்குக் கொஞ்சம் மேலே வரை ஏற்றினார். அதன்மேல் பச்சை நிறத்தில் ஃபைபர் மூடி. மூடி வந்து உட்காருவதற்கு விளிம்பில் ஒரு பள்ளம். சுற்றிலும் திருகாணிகள். இறுக்கிவிட்டு அதன்மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினார். அசையவில்லை. திருகாணியை மட்டும் கழற்றிப் போட்டுவிடாதீர்கள் என்று என்னிடமும் சொன்னார், என் மனைவியிடமும் சொன்னார். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவர் திருகாணி போடுவதற்கு முன்னால் என் மனைவி அந்த மூடியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "தாம்பாளம் மாதிரி இருக்கே. அப்பா தூக்கிடப் போறாருங்க" என்றாள். நான், அதுக்குத்தானே திருகாணி என்றேன். அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு இல்லை. பாதுகாப்பு விஷயத்தில் அவளுக்கு நான் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

எண்ணம் எப்போது வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். அப்படி ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியவில்லை. உறை ஏற்றியபோது இல்லை என்பது நிச்சயம். வெளியேறும் குழாயில் கசடு போகாமல் தடுக்க ஒரு வடிகட்டி இருக்கும். அதை அவ்வப்போது எடுத்துக் கழுவ வேண்டும். அதற்காக ஒருநாள் திருகாணிகளைக் கழற்றினேன். கழுவி முடித்து மூடியைப் பொருத்தியபோது திருகாணிகள் என் சட்டைப் பையிலேயே இருந்தன. உள்ளிருந்து அவள் கூப்பிட்டாள். அவளுடைய அப்பா படுக்கையை நனைத்துவிட்டாராம். நான் போனேன். பிறகு திரும்பி வந்து போட்டிருக்கலாம். போடவில்லை. அன்றைக்கு அது வெறும் மறதிதான் என்று வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

அப்புறம் வழி. லாரிக்காரர் குழாயை இழுத்துக்கொண்டு சேற்றில் நடக்க வேண்டியிருக்கிறது என்பதால், சந்து முடிகிற இடத்திலிருந்து டேங்க் வரைக்கும் தட்டைக் கற்கள் பதித்தேன். நானே என் கையால் பதித்தேன். குறுக்கே இருந்த பூந்தொட்டிகளை அந்தப் பக்கம் நகர்த்தினேன். மாமனாருக்குச் சமமான தரை என்றால் பிடிக்கும். சில நாளிலேயே துணிக்கொடிப் பக்கம் போவதை விட்டுவிட்டு இந்தக் கல்பாதையைப் பிடித்துக்கொண்டார். மூடியின்மேல் ஏறி நின்று, விசில் ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்துவிட்டுத் திரும்புவார். அது அவருடைய கடைசி நிறுத்தம். பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருந்ததால், திருகாணி இல்லாமலே மூடி அவரைத் தாங்கியது. என் மனைவி கூட வரும்போதெல்லாம் நான் அதை ஒருமுறை பார்த்துச் சரியாக வைத்துவிடுவேன். அந்த அக்கறை எனக்கு இருந்தது.

டேங்க் நிரம்பிக்கொண்டு வந்தும் அந்த முறை மட்டும் லாரி கூப்பிடுவதைத் தள்ளிப்போட்டேன். என் பராமரிப்பில் குறை என்று சொன்னால் இதை மட்டும்தான் சொல்ல முடியும்.

சம்பவம் நடந்த காலையில் நான் எல்லோருக்கும் முன்பே எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். மூடியைப் பள்ளத்திலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்தேன். பார்த்தால் தெரியாது. ஒரு ஓரத்தில் கால் பட்டால் மறு ஓரம் தூக்கிக்கொள்ளும். உள்ளே வந்து டீ போட்டேன். அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். இன்றைக்கு நான் மாமாவைப் பார்த்துக்கொள்கிறேன், நீ ஆறுவதற்குள் குடி என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு நம்ப முடியவில்லை. "என்னங்க, இன்னிக்கு மழதான்" என்றாள். காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவைப் பார்த்தேன். நான் எதற்காக இதைச் செய்தேன் என்று உங்களுக்கு எப்படி விளக்குவது என்று நேற்றெல்லாம் யோசித்தேன். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் போதும்.

மாமனார் சந்து வழியாகப் போனார். நான் சமையலறை ஜன்னலில் நின்றேன். "உள்ள போங்க, உள்ள போங்க" என்கிற குரல் கேட்டது. பிறகு ஒரு பெரிய குடம் சரிந்த மாதிரி சத்தம். அதற்கப்புறம் குரல் இல்லை.

அவள் டம்ளரை வைத்துவிட்டு, "என்ன சத்தம்?" என்றாள். வாளி உருண்டிருக்கும், நீ குடி என்றேன். ஆனால் அவளுக்கு அவருடைய குரல் நின்றுபோனது தெரிந்துவிட்டது. இரவும் பகலும் அந்தக் குரலுக்குக் காது கொடுத்துப் பழகியவள். எழுந்து ஓடினாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் டீ குடித்து முடிப்பாள் என்றுதான் இருந்தேன்.

நான் பின்வாசலுக்கு வந்தபோது அவள் கல்பாதையில் குப்புறப் படுத்து, உறைக்குள் தலையையும் தோளையும் விட்டு, கையை நீட்டியிருந்தாள். எட்டிவிட்டது. அவருடைய சட்டை அவள் பிடிக்குள் வந்துவிட்டது. வழக்கமாகப் பிடிக்கிற சட்டை நுனிதான். முகத்தைத் திருப்பாமலே என்னைக் கூப்பிட்டாள். "என்னங்க, புடிச்சிட்டேன். வந்து ஒரு கை குடுங்க."

அவள் காலுக்கும் எனக்கும் நடுவில் கொல்லைப் படிக்கட்டு மட்டும்தான் இருந்தது. இரண்டு கணுக்காலையும் பிடித்துப் பின்னால் இழுத்திருந்தால் வந்திருப்பாள். அதுகூட வேண்டாம். முகத்தை வெளியே எடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பாதுகாப்பு விஷயத்தில் அவள் எனக்கு மறுபேச்சு பேசியதே கிடையாது. முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு நான் சொன்ன வார்த்தை அது.

நான், "இரு, கயிறு எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

விதிப்படி அது சரி. சாமான் அறைக்குப் போனேன். கயிறு ஆணியில் தொங்கியது. பல இடத்தில் சிக்கு விழுந்திருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். வர்றேன் என்றேன். இப்போது நான் போனால் இருவருமாகச் சேர்ந்து அவரைத் தூக்கிவிடுவோம், அவருக்கு உயிர் இருந்தாலும் இருக்கும், நாளை காலையில் திரும்ப அவர் வாசலில் தொடங்குவார் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அவள் அப்போது முழுசாக உள்ளே போயிருக்கவில்லை என்பதும் தெரியும். மூன்றாவது தடவை அவள் கூப்பிடவில்லை. கயிறு அதற்குள் ஒழுங்காகப் பிரிந்துவிட்டது. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். கல்பாதையில் அவளுடைய ஒரு செருப்பு மட்டும் இருந்தது. பிறகு ஆள் கூப்பிட்டேன்.

தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு இறங்கி இருவரையும் எடுத்தார்கள். மாமனாரின் சட்டை அவள் கையில் இருந்தது. விரல்களைப் பிரிக்க நேரமானது. அவர்களில் மூத்தவர் என் தோளில் கை வைத்து, பதறிப்போய் நானும் இறங்கியிருந்தால் மூன்று பேராகியிருக்கும், நான் செய்ததுதான் சரி என்றார். எங்கள் ஆலையிலும் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம் என்று அவருக்குச் சொன்னேன்.

மகள் மறுநாள் வந்தாள். வந்ததிலிருந்து என்னைத் தனியாக விடவே இல்லை. அம்மா இருந்த நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது இருக்கீங்களேப்பா" என்று அழுதாள். என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடப் போகிறாளாம். ஒரு அறையை எனக்காக ஒழித்து வைத்திருக்கிறாள். அவள் குரல் அப்படியே அவள் அம்மாவுடைய குரல். அந்த நேரத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

இன்று காலையில் கொத்தனாரின் மனைவி வந்து எங்கள் வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. கூடப் பிறந்தவள் கேட்கிறாற்போல என்னைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணே, அவரு திருகாணி போட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அவரு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க." மகள் கதவைச் சாத்தினாள். என் மகள் மேல் தவறு இல்லை. அவளைப் பொறுத்தவரை அவளுடைய அம்மாவைக் கொன்றது அரைகுறையாக வேலை செய்த ஒரு கொத்தனார். நேற்று உங்கள் உதவியாளரும் மூடியை மட்டமான வேலை என்றார். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

வேலை மட்டமில்லை. உறையில் ஒரு விரிசல் கிடையாது, பூச்சில் ஒரு பிசிறு கிடையாது. திருகாணிகள் இதோ, என்னிடம்தான் இருந்தன. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றும் குறையாது. நான்தான் கழற்றினேன், நான்தான் மூடியை விலக்கினேன், அவள் கூப்பிட்டபோது நான்தான் போகவில்லை. இதற்கு மேல் என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. மகளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். எனக்கு அது வராது.

கொத்தனாரை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் கண்ணெதிரே ஒருத்தர் தவிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.